வாடை இல்லை, ருசி இல்லை, நிறமும் இல்லை: தண்ணீரில் ஒளியும் பாஷாணம்!

வட சென்னையில் தண்டையார்பேட்டை. 2013-ம் ஆண்டு.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்கள். நெருக்கமான வீடுகள். குழாயில் குடிநீர் வருவது கொஞ்ச நேரந்தான். மற்ற நேரத்துக்கு அடிபம்பும் ஆழ்குழாய்க் கிணறுந்தான் துணை.

அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாடை அடித்தது. என்ன வாடை? பெட்ரோல், டீசல் வாடை!

தண்ணீரின்மேல் எண்ணெய் மிதந்தது. துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கிடங்குக்குப் பூமிக்கடியில் குழாய் போகிறது. அந்தக் குழாயில் கசிவு. கசிந்த எண்ணெய் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரோடு சேர்ந்துவிட்டது. விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று.

இதில் ஒரு நல்லது உண்டு. அந்தத் தண்ணீரை யாரும் வாயில் வைக்கவில்லை. மூக்கு முன்னே போய்த் தடுத்துவிட்டது!

வாடையே இல்லாத விஷமாக இருந்திருந்தால்?

கண், மூக்கு, நாக்கு

வட சென்னை ஜனங்களுக்கு மண்ணும் தண்ணீரும் கெடுவது புதிது அல்ல. அதைக் கண்டுபிடிப்பதிலும் அவர்கள் பழக்கப்பட்டவர்கள்.

ராயபுரத்தில் மொட்டைமாடியில் வேட்டியைக் காயப்போட்டால் சாயங்காலம் அதில் கறுப்பு படிந்திருக்கும். துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியின் தூசி அது. யாரும் சொல்லித் தெரியவேண்டியது இல்லை. கண்ணே சொல்லிவிட்டது. 2011-ம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அந்த வேலை வடக்கே, எண்ணூருக்குப் போயிற்று.

மீஞ்சூர்ப் பக்கம் நடந்தது வேறு கதை. அங்கே நிலத்தடி நீர் ஒருகாலத்தில் இனிப்பாக இருந்தது. விவசாயிகள் இறைத்தார்கள். 1960-களின் கடைசியிலிருந்து மணலித் தொழிற்சாலைகளுக்காகவும் இறைத்தார்கள். எடுத்த இடம் வெற்றிடமாக இருக்குமா? கடல் உள்ளே வந்துவிட்டது! கரையிலிருந்து பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கிணற்று நீர் உப்புக் கரித்தது. இதை நாக்கு சொல்லிற்று. (கடல் உள்ளே வந்தது போக, இப்போது கடலையே குடிக்கும் காலம் வந்துவிட்டது. 2010-ம் ஆண்டு மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொடுப்பதற்காகக் கட்டப்பட்டது அது.)

ஆக, கரித்தூசியைக் கண் பிடித்தது. எண்ணெயை மூக்கு பிடித்தது. உப்பை நாக்கு பிடித்தது.

இந்த மூன்றுக்கும் டிமிக்கி கொடுக்கும் விஷம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஆர்சனிக்.

அரிதாரத்தில் இருப்பது எது?

ஆர்சனிக் என்றதும் ஏதோ அயல்நாட்டுச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். நமக்கு நெடுநாள் பழக்கம். எலிக்கு வைத்த வெள்ளைப் பாஷாணம் ஆர்சனிக்தான். சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து மருந்தில் சேர்க்கும் மனோசிலையிலும் தாளகத்திலும் ஆர்சனிக் உண்டு.

கூத்தாடிகள் முகத்தில் பூசிய மஞ்சள் நிற அரிதாரம் இருக்கிறதே, அது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த தாதுப்பொருள்! இன்றைக்குச் சினிமா மேக்கப்பில் அது கிடையாது. ஆனாலும் "அரிதாரம் பூசினார்" என்ற பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு பொல்லாத பட்டப்பெயர் இருந்தது: "வாரிசுப் பொடி!" சொத்துக்கு ஆசைப்பட்டவர்கள் பெரியவரின் உணவில் கலந்துவிடுவார்களாம். வாடை இல்லை. ருசி இல்லை. வாந்தி பேதி என்று நினைத்து அடக்கம் செய்துவிடுவார்கள். 1836-ம் ஆண்டு ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய ரசாயன நிபுணர் இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்றைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கொலைகாரர்கள் பயந்தார்கள்.

அது ஒரேயடியாகக் கொடுத்துக் கொல்வது. நாம் சொல்லவந்தது, தினம் தினம் துளித்துளியாகச் சேர்வது.

ஒரு லாரித் தண்ணீரில் ஒரு குன்றிமணி!

தண்ணீரில் ஆர்சனிக் எவ்வளவு வரை இருக்கலாம்? உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோ கிராம். நம் நாட்டுக் குடிநீர்த் தரமும் அதையே சொல்கிறது.

மைக்ரோ கிராம் என்றால் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சொன்னால் மனத்தில் நிற்காது. இப்படிப் பார்ப்போம்.

தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி 12,000 லிட்டர் பிடிக்கும். பொற்கொல்லர்கள் அந்தக் காலத்தில் தங்கம் நிறுத்த குன்றிமணி ஏறக்குறைய 0.12 கிராம் எடை. அந்த லாரித் தண்ணீர் முழுவதிலும் ஒரு குன்றிமணி எடை ஆர்சனிக் கலந்தால், அதுதான் எல்லை. அதற்கு மேல் போகக்கூடாது!

இவ்வளவு சொற்பத்தை நாக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்?

உடம்பில் என்ன செய்யும்? முதலில் ஒன்றும் செய்யாது. அதுதான் ஆபத்து. பல வருஷம் குடித்த பிறகு மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெளித்ததுபோலப் புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிக்கும். சிறு சிறு முடிச்சுகளாகக் காய்த்துப்போகும். மூட்டை தூக்குகிறவர் கையிலும், துடுப்புப் போடுகிறவர் கையிலும் காய்ப்பு உண்டு. அது வேலையால் வருவது. வேலை படாத இடத்திலும், இரண்டு பாதத்திலும் முடிச்சு முடிச்சாக வந்தால் டாக்டரிடம் காட்டவேண்டும். இன்னும் நாள் போனால் தோல், மூத்திரப்பை, நுரையீரல் ஆகிய இடங்களில் புற்றுநோய் வரக்கூடும்.

தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. அங்கே அன்டோபகாஸ்டா என்ற துறைமுகப் பட்டணம். 1958-ம் ஆண்டு அந்த ஊருக்குப் புதிதாக ஓர் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதில் ஆர்சனிக் மிக அதிகம். 1970-ம் ஆண்டு சுத்திகரிப்பு நிலையம் கட்டி நிறுத்திவிட்டார்கள். குடித்தது பன்னிரண்டே வருஷம். ஆனால் நுரையீரல், மூத்திரப்பைப் புற்றுநோய் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்த ஊரை விடவில்லை!

நன்மை செய்யப்போய்...

இந்த விஷத்தால் உலகிலேயே அதிகம் கஷ்டப்பட்டவர்கள் வங்காளத்து ஜனங்கள். மேற்கு வங்காளம், வங்காளதேசம் இரண்டுந்தான்.

முன்பு அவர்கள் குளத்துத் தண்ணீர் குடித்தார்கள். காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் மாண்டன. "குளத்து நீர் வேண்டாம், பூமிக்கடியில் சுத்தமான நீர் இருக்கிறது" என்று அரசாங்கமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் அடிபம்பு போட ஊக்கம் கொடுத்தன. 1970-களில் தொடங்கி லட்சக்கணக்கான அடிபம்புகள் வந்தன. தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. காலரா குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

1983-ம் ஆண்டு. கல்கத்தாவில் வெப்பமண்டல நோய் மருத்துவப் பள்ளி. அங்கே டாக்டர் கே. சி. சாஹா தோல் நோய் நிபுணர். கிராமத்திலிருந்து வந்த நோயாளிகளின் உடம்பில் மழைத்துளிப் புள்ளிகள்! கையில் முடிச்சுகள்! இது ஆர்சனிக் வேலை என்று அவர் கண்டுகொண்டார். பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீபங்கர் சக்ரவர்த்தி என்ற விஞ்ஞானி, 1988-ம் ஆண்டு முதல் ஊர் ஊராகப் போய் பம்புத் தண்ணீரைப் பரிசோதிக்கத் தொடங்கினார்.

எந்தத் தொழிற்சாலையும் அங்கே விஷத்தைக் கொட்டவில்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துவந்த வண்டலிலேயே ஆர்சனிக் இருந்தது. இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. மண்ணுக்கடியில் மக்கிய இலை தழைகள் உண்டு. அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் அங்கேயிருந்த பிராணவாயுவைத் தீர்த்துவிட்டன. பிராணவாயு போனதும் துரு கரைந்தது. துரு கரைந்ததும் ஆர்சனிக் விடுபட்டுத் தண்ணீரில் கலந்தது.

2000-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் பத்திரிகை ஒரு கணக்கை வெளியிட்டது. வங்காளதேசத்தின் 12.5 கோடி ஜனங்களில் 3.5 கோடியிலிருந்து 7.7 கோடிப் பேர் வரை ஆபத்தில் இருக்கிறார்கள் என்றது அது.

புள்ளி விழுந்தவர்களைக் குஷ்டரோகி என்று ஊர் ஒதுக்கியது. பெண்களைத் தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். தண்ணீர் செய்த குற்றத்துக்குப் பெண் தண்டனை அனுபவித்தாள்!

பெஹாலா பாடம்

"அது வங்காளத்து வண்டல். நம் ஊருக்கு ஏன் இந்தப் பேச்சு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கல்கத்தாவிலேயே இன்னொரு சம்பவமும் நடந்தது. வட சென்னைக்காரர்கள் கவனிக்கவேண்டியது அதைத்தான்.

கல்கத்தாவின் தென்பகுதியில் பெஹாலா. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் கலந்து கிடக்கும் இடம். அங்கே ஒரு தொழிற்சாலை "பாரிஸ் பச்சை" என்ற பூச்சிமருந்தைத் தயாரித்தது. செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த பச்சைப் பொடி அது. 1969-ம் ஆண்டிலிருந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் இந்தத் தொழில் நடந்தது. கழிவை எங்கே விட்டார்கள்? பக்கத்து மண்ணில்தான்!

மழை பெய்தது. விஷம் இறங்கியது. சுற்றிலும் இருந்த வீடுகளின் குழாய்க் கிணற்றில் அது போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது!

ஜாதவ்பூர் விஞ்ஞானிகள் அங்கே மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். சாதாரண மண்ணில், ஒரு கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி கிராம் ஆர்சனிக் இருப்பது வழக்கம். கழிவு கொட்டிய இடத்தில் ஒரு கிலோ மண்ணில் 20 கிராமுக்கு மேல் இருந்தது. ஆயிரக்கணக்கான மடங்கு!

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். தண்டையார்பேட்டையில் கசிந்தது எண்ணெய். எண்ணெயை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்றுவிடும். நாள் ஆகும்; ஆனால் தீரும். ஆர்சனிக் அப்படி அல்ல. அது ஒரு மூலப்பொருள். இரும்பு, தங்கம் மாதிரி. எரித்தாலும் அழியாது. புதைத்தாலும் மக்காது. தொழிற்சாலை மூடிக்கிடக்கலாம்; அந்த இடத்தில் வீடுகூடக் கட்டிவிடலாம். மண்ணில் இறங்கியது மண்ணிலேயே இருக்கும். ஆகவே பழைய ஆலை நின்ற மனையை வாங்குகிறவர்கள் பத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது.

எண்ணூர்ச் சாம்பல்

இனி எண்ணூருக்கு வருவோம்.

1970-ம் ஆண்டு எண்ணூர் அனல் மின்நிலையம் ஓடத்தொடங்கியது. 2017-ம் ஆண்டு மூடப்பட்டது. 1994-ல் வட சென்னை அனல் மின்நிலையம் வந்தது. பிறகு வல்லூர் வந்தது. எல்லாவற்றிலும் எரிவது நிலக்கரி.

நிலக்கரியில் மிகச் சொற்ப அளவில் ஆர்சனிக் உண்டு. நம் நாட்டு நிலக்கரியில் அது பொதுவாகக் குறைவுதான். ஆனால் சாம்பல் அதிகம்! ஒரு டன் எரித்தால் 300 முதல் 400 கிலோ சாம்பல் மிஞ்சும். அடுப்பின் சூட்டில் ஆர்சனிக் ஆவியாகி மேலே போகும். புகை ஆறும்போது, மாவுபோன்ற நுண்ணிய சாம்பலின்மேல் படிந்துவிடும்.

அந்தச் சாம்பலை என்ன செய்தார்கள்? தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கினார்கள். கொசஸ்தலை ஆற்றைத் தாண்டிக் குழாய்களில் செலுத்தி, செப்பாக்கத்தில் உள்ள சாம்பல் குட்டையில் கொட்டினார்கள். குழாய்கள் பழசாகி ஓட்டை விழுந்தன. சாம்பல் ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படிந்தது. ஆழமாக இருந்த நீர்வழி மேடிட்டது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த குப்பத்து மீனவர்களும், கையால் இறால் தடவும் இருளர்களும் சாம்பல் சேற்றில் காலை வைத்தார்கள். செப்பாக்கத்தில் காற்றடித்தால் சோற்றிலும் சாம்பல் விழும்.

காட்டுக்குப்பம் மீனவர்கள் தரப்பில் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு வழக்கு போயிற்று. நிபுணர் குழு போய்ப் பார்த்தது. 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஆற்றில் படிந்த சாம்பலை அகற்றவேண்டும். கெட்டுப்போன ஈரநிலத்தைச் சீர்படுத்தவேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

ஆற்றில் கிடக்கும் சாம்பல் கண்ணுக்குத் தெரியும். அதை வாரிவிடலாம். ஊறவைத்த சாம்பலிலிருந்து தண்ணீரோடு இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் குட்டையின் அடியில் கெட்டியான விரிப்பு இருந்தால் அது கீழே போகாது. விரிப்பு இல்லாவிட்டால் இறங்கும். அமெரிக்காவில் டென்னசி மாகாணத்தில் கிங்ஸ்டன் என்ற இடத்தில், 2008 டிசம்பர் 22-ந் தேதி அனல் மின்நிலையத்தின் சாம்பல் குட்டை உடைந்தது. சாம்பல் வெள்ளம் வீடுகளைத் தள்ளிக்கொண்டு ஆற்றில் பாய்ந்தது. 2015-ல் அந்த நாடு சட்டவிதிகளைக் கொண்டுவந்தது. புதிய சாம்பல் குட்டைக்கு அடிவிரிப்பு கட்டாயம். சுற்றிலும் கிணறு தோண்டி நிலத்தடி நீரைச் சோதிக்கவேண்டும். சோதிக்கவேண்டிய பட்டியலில் ஆர்சனிக்கும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு எண்ணூர்க் கிணறுகள் எல்லாம் விஷம் என்று யாரும் ஓடவேண்டாம். அப்படிச் சொல்லவும் முடியாது. ஒரு கிணற்றில் இருக்கும். பத்து அடி தள்ளி இருக்காது. வங்காளத்தில் கண்ட உண்மை இது. பக்கத்து வீட்டுக் கிணறு நல்லது என்பதால் நம் கிணறும் நல்லது ஆகிவிடாது. ஒவ்வொன்றையும் பரிசோதித்தே தெரிந்துகொள்ளவேண்டும்.

கொதிக்கவைத்தால் போகாது!

இதில் பெண்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆர்சனிக் சாகாது. ஆவியாகப் போவது தண்ணீர். அடியில் நிற்பது விஷம். கொதிக்கக் கொதிக்கச் செறிவு கூடத்தான் செய்யும்! சோறு வடித்தால் அரிசியும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். துணியில் வடிகட்டினாலும், வெள்ளைக் களிமண் வடிகட்டியில் ஊற்றினாலும் போகாது. படிகாரத்தை ஏதோ சுற்றிவிட்டுக் குடிப்பதையும் நம்பக்கூடாது. ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியைப் பிடிக்கும். ஆனால் அதன் சவ்வு பழசாகிவிட்டால் பயன் இல்லை.

ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் தருவதைக் குடிக்கும் வீட்டுக்கு இந்தக் கவலை குறைவு. கிணற்றை நம்பியவர்களுக்குத்தான் கவலை. அவர்களுக்கும் ஓர் ஆறுதல் உண்டு. ஆர்சனிக் தண்ணீரில் குளிக்கலாம், துணி துவைக்கலாம். தோல் வழியாக அது அதிகம் போவது இல்லை. குடிக்கவும் சமைக்கவுந்தான் கூடாது. வங்காளதேசத்தில் இதற்காகப் பம்புகளுக்குச் சாயம் பூசினார்கள். சிவப்புப் பம்பு என்றால் துவைக்க. பச்சைப் பம்பு என்றால் குடிக்க. எழுத்துத் தெரியாத பாட்டியும் தப்பு செய்யமாட்டாள்!

விஷத்தைத் தண்ணீரில் விட்டது துரு கரைந்தது என்று பார்த்தோம் அல்லவா? அதைப் பிடிப்பதற்கும் துருதான்! அபுல் ஹுஸாம் என்ற வங்காள ரசாயன நிபுணர் இரும்பைக்கொண்டு ஓர் எளிய வீட்டு வடிகட்டியைச் செய்தார். 2007-ம் ஆண்டு அவருக்கு அமெரிக்காவில் பத்து லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. நம் கிண்டியிலும் ஒருவர் இதே வேலையைச் செய்திருக்கிறார். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் தலப்பில் பிரதீப். அவர் குழு, துருவின் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளை மிக நுண்ணிய துகளாகச் செய்து, ஆர்சனிக்கைப் பிடிக்க வைத்தது. "அம்ரித்" என்று அதற்குப் பெயர். மேற்கு வங்காளக் கிராமங்களில் அது விஷத்தைப் பிரிக்கிறது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

பரிசோதனை எப்படி?

தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடக்கூடாது. "தண்ணீர் நல்லதா பாருங்கள்" என்று மட்டும் சொன்னால், உப்பு, கடினத்தன்மை, கிருமி ஆகியவற்றைப் பார்த்துச் சீட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆர்சனிக்குக்குத் தனிச் சோதனை. பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும்.

போகும் முன்பே கூடத்தில் விசாரித்து, அவர்கள் சொல்லும் பாட்டிலை வாங்கிக்கொள்வது நல்லது. பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போனபிறகு பிடிக்கவேண்டும். பாட்டிலின்மேல் கிணற்றின் ஆழம், பிடித்த தேதி இரண்டையும் எழுதவேண்டும். முடிவு லிட்டருக்கு 0.01 மில்லி கிராமுக்குமேல் என்று வந்தால், அதுதான் நாம் பார்த்த லாரியில் ஒரு குன்றிமணிக்கு மேல். ஒரு முறை நல்லது என்று வந்தாலும் மழைக்காலத்துக்கு ஒரு தடவை, கோடைக்கு ஒரு தடவை என்று பார்த்துவைக்கவேண்டும். தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும்போது கணக்கும் மாறும்.